அறுபடும் எடை

எருக்கு 552. சணப்பு 407. ஆனைக்கற்றாழை 362. பருத்தி 346. மருள் 316. புளிச்சை 290. தென்னை 224.

மதராஸ் மாகாணத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய தாவரவியலாளர் ராபர்ட் வைட் கண்ட கணக்கு இது. நம் மண்ணின் நார்களைக் கயிறாகத் திரித்து, அறும்வரை எடை ஏற்றிப் பார்த்தார். எண்கள் பவுண்டில். ஜான் ஃபோர்ப்ஸ் ராயல் 1855-இல் லண்டனில் வெளியிட்ட இந்திய நார்த் தாவரங்கள் பற்றிய புத்தகத்தில் இந்தப் பட்டியல் அச்சாகியிருக்கிறது. குளச்சல் பக்கம் தூண்டில் சாமான் கடை வைத்திருக்கும் எனக்கு இதைவிட நெருக்கமான பட்டியல் வேறு இல்லை. கடைக்கு வருகிற எவரும் நூல் உருளையைக் கையில் எடுத்ததும் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணாச்சி, இது எத்தனை பவுண்டு தாங்கும்?" வைட் கேட்டதும் அதே கேள்விதான்.

ஆனால் கடலில் நூல் தேர்ந்த மனிதர்களின் கதையைப் படிக்கப் படிக்க, அந்தக் கேள்வி பாதிதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. எத்தனை பவுண்டு தாங்கும் என்பதோடு, அறுந்தால் எங்கே அறும், அறுந்தபின் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துக் கேட்டவர்கள்தான் நல்ல தூண்டில்காரர்களாக இருந்திருக்கிறார்கள்.

எருக்கு முதலிடம் பிடித்ததில் கடற்கரைக்காரருக்கு வியப்பு இருந்திருக்காது. தென்னிந்தியாவில் தூண்டில் கயிற்றுக்கும் வலைக்கும் எருக்க நார் நெடுங்காலம் பயன்பட்டிருக்கிறது. மெல்லியது, பட்டுப் போன்ற பளபளப்பு உள்ளது, உப்புநீரில் எளிதில் கெடாதது. பிறகு ஏன் கடல் முழுக்க எருக்கு நார் ஓடவில்லை? காரணம் உழைப்பு. சணப்பை வெட்டிக் குளத்தில் ஊறப்போட்டால் சதை அழுகி நார் தனியே வரும். எருக்கை அப்படி ஊறப்போட்டால் நாரும் சேர்ந்து கெடும். குச்சிகளை வெட்டி, சில நாள் வெயிலில் வாடவிட்டு, நசுக்கி, பட்டையை உரித்து, விரலாலும் பல்லாலும் இழை இழையாகப் பிரிக்க வேண்டும். ஒரு தூண்டில் கயிற்றுக்கு வேண்டிய நாரைச் சேர்ப்பதற்குள் பொழுது போய்விடும். ஆகவே வலு குறைந்தாலும் சுலபமாகக் கிடைத்த சணப்பும் பருத்தியுமே பெரும்பாலான கட்டுமரங்களில் ஏறின. வலுவான நூல் ஒன்று, கைக்கு எட்டும் நூல் இன்னொன்று. இந்தத் தராசு இன்றும் என் கடை மேசையில்தான் இருக்கிறது.

என் பாட்டா கட்டுமரத்தில் போய்ப் பாரில் தூண்டில் போட்டவர். கடலடிப் பாறைத் திட்டுகளைத்தான் பார் என்கிறோம். கலவாவும் விளமீனும் அங்கேதான் இருக்கும். அவர் காலத்துக் கயிறு பருத்தி. வீட்டில் பெண்கள் நூற்றுக் கொடுத்த இழைகளைச் சேர்த்து முறுக்கி, பனிச்சங்காயை இடித்து ஊறவைத்த சாற்றில் முக்கி, வெயிலில் காயவைத்து, மறுபடியும் முக்குவார்கள். காயின் துவர்ப்பு இழையில் இறங்கிக் கயிறு கருத்து விறைக்கும். கடல்நீரின் நுண்ணுயிர்கள் பருத்தியைத் தின்று உளுக்கச் செய்வதை அந்தத் துவர்ப்பு தடுத்தது. ஆனாலும் நிரந்தரமாக அல்ல. கடலுக்குப் போய்வந்த கயிற்றை நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போடுவதும், கொஞ்ச நாளைக்கு ஒருமுறை சாறு ஏற்றுவதும் வீட்டு வேலைகளில் ஒன்று.

பாட்டாவின் கயிற்றுக்கு ஒரு குணம் உண்டு. நனைந்தால் பருத்தி வலுக்கூடும். ஆளி நாரும் அப்படித்தான். உலர்ந்த கயிற்றைவிடக் கடலில் கிடக்கும் கயிறே உறுதி. அந்த உறுதியையும் அவர் அளவோடுதான் நம்பினார். தூண்டிலுக்கு எடையாகக் கட்டும் கல்லை மட்டும் எப்போதும் பழைய, நைந்த நூலால் கட்டுவார். கல் பாரில் சிக்கிக்கொண்டால் ஒரு வெட்டு இழுப்பு. நைந்த நூல் அறும், கல் கடலுக்குப் போகும், முள்ளும் கயிறும் மரத்துக்குத் திரும்பும். எது போகலாம், எது போகக் கூடாது என்பதை வீட்டிலேயே முடிவுசெய்துவிட்டுத்தான் கடலுக்குப் போவார்கள் அந்தத் தலைமுறைக்காரர்கள்.

இப்போது பசிபிக் கரைக்குப் போவோம். ஏனென்றால் இன்று நூல் உருளையின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணுக்குப் பொருள் தந்த இடம் கலிபோர்னியாவுக்கு எதிரே உள்ள சாண்டா கேடலினா தீவு. அங்கே அவலோன் என்ற சிறு துறையில் 1886 வாக்கில் வந்திறங்கிய சார்லஸ் ஃபிரெடெரிக் ஹோல்டர், உல்லாசத்துக்கு வந்தவர்கள் தடித்த கைக்கயிறுகளால் பெரிய மீன்களைக் குவியல் குவியலாக இழுத்துப் போடுவதைப் பார்த்தார். உண்ணவும் விற்கவும் அல்லாமல் மீன்கள் வீணாவது அவரை உறுத்தியது. 1898-இல் கோலும் சுருளியும் மெல்லிய ஆளிநார் நூலும் கொண்டு 183 பவுண்டு எடையுள்ள நீலத்துடுப்புச் சூரை ஒன்றைப் பல மணி நேரம் போராடிப் பிடித்தார். படகை அந்த மீன் மைல் கணக்கில் இழுத்துப் போனது. அதே ஆண்டு அவலோனில் டூனா கிளப் பிறந்தது. ஹோல்டர் அதன் முதல் தலைவர்.

அந்தச் சங்கத்தின் விதிகளில் மையமானது நூல். 24 இழைக்கு மேற்பட்ட நூலால் பிடித்த மீன் கணக்கில் வராது. உலகில் அதுவரை கடலில் தூண்டில் போட்ட பெரும்பாலோர் முடிந்தவரை தடித்த நூலையே தேடியிருப்பார்கள். வயிற்றுப்பாடு அப்படி. இங்கேயோ நூல் இந்த எடைக்குமேல் தாங்கக் கூடாது என்று மனிதர்கள் தங்களுக்கே எல்லை போட்டுக்கொண்டார்கள். பிறகு தாமஸ் மெக்டேனியல் பாட்டர் இன்னும் குறைத்தார்: ஆறடிக் கோல், ஆறு அவுன்ஸ் எடை, ஆறு இழை நூல். மீனுக்கும் தப்பிக்க வழி இருக்க வேண்டும் என்பதே இந்த விதிகளின் உள்ளக்கிடக்கை. விளையாட்டுத் தூண்டில் என்று இன்று நாம் சொல்வதன் அறம் அங்கிருந்து வருகிறது. அதை நான் மனதார மதிக்கிறேன்.

அந்த இழைக்கணக்கு வேலைசெய்ததற்கு ஆளிநாரின் ஒழுங்கு காரணம். மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பால் கட்டிஹங்க் என்றொரு தீவு. வரிப்பட்டை பாஸ் மீன் பிடிக்க வந்த செல்வந்தர்கள் 1864-இல் அங்கே ஒரு சங்கம் அமைத்தார்கள். அவர்கள் கையாண்ட முறுக்கு நூல் தீவின் பெயரையே பெற்று, கட்டிஹங்க் நூல் என்று உலகெங்கும் விலைபோனது. ரோட் தீவு மாநிலத்தில் 1824-இல் தொடங்கிய ஆஷவே நிறுவனம் அதைச் செய்தவற்றுள் பேர்பெற்றது. அயர்லாந்து ஆளிநாரில் ஒவ்வொரு இழையும் நனைந்த நிலையில் ஏறத்தாழ 3 பவுண்டு தாங்கும். ஆறு இழை என்றால் 18, ஒன்பது என்றால் 27, இருபத்துநான்கு என்றால் 72. இழையை எண்ணினால் அறுபடும் எடை தெரிந்துவிடும்.

72 பவுண்டு நூலால் அதைவிடப் பல மடங்கு கனத்த மீனை எப்படிப் பிடிப்பது? விடை நூலில் இல்லை, சுருளியில் இருக்கிறது. ஆரம்பகாலச் சுருளிகளில் மீன் ஓடினால் கைப்பிடியும் சேர்ந்து எதிர்ப்பக்கம் சுழலும். விரல் முட்டிகள் உடைந்திருக்கின்றன. தோல் பட்டையைக் கட்டைவிரலால் சுருளியின்மேல் அழுத்தித்தான் வேகத்தைக் குறைத்தார்கள். வில்லியம் போஷன் என்ற டூனா கிளப் உறுப்பினர், கைப்பிடி அசையாமல் நூல்மட்டும் அளவான இறுக்கத்தோடு வெளியேறும் ஏற்பாட்டை வற்புறுத்தினார். புரூக்ளின் சுருளிக் கைவினைஞர் ஜூலியஸ் வாம் ஹோஃப் அப்படியொரு சுருளியைச் செய்துகொடுத்தார். அதைக்கொண்டு 1913-இல் போஷன் 358 பவுண்டு வாள்மீனைப் பிடித்தார். கோலும் சுருளியும் கொண்டு பிடிபட்ட முதல் வாள்மீன் அது. நூல் அறும் எடைக்குக் கீழே சுருளியை விட்டுக்கொடுக்கச் செய்தால், நூல் அறாது, மீன் களைக்கும். இன்று டிராக் என்று சொல்லி நாம் திருகும் அந்த நட்சத்திரச் சக்கரத்தின் தத்துவம் இவ்வளவுதான்.

ஆளிநாரும் பாட்டாவின் பருத்தியைப் போல உளுக்கும் பொருள்தான். ஒவ்வொரு நாள் மாலையும் நூல் முழுவதையும் சுருளியிலிருந்து மரச்சட்டத்துக்கு மாற்றி, அலசி, உலர்த்த வேண்டும். அவலோனில் செல்வந்தர் செய்ததும் குளச்சலில் என் பாட்டி செய்ததும் ஒரே வேலை.

முள்ளுக்கு முந்திய பகுதி தனிக்கதை. முறுக்கு நூல் தண்ணீரில் பளிச்செனத் தெரியும் என்பதால் கடைசி முழத்துக்குக் கண்ணுக்குப் படாத ஒன்று வேண்டியிருந்தது. ஸ்பெயினின் முர்சியாப் பகுதியில் பட்டுப்புழுக்களைக் கூடு கட்டும் தறுவாயில் எடுத்துக் காடியில் ஊறவைத்து, உள்ளிருக்கும் பட்டுச் சுரப்பியைக் கையால் நீட்டி இழுத்துக் கெட்டிப்படுத்தினார்கள். கண்ணாடி நிறத்தில் ஒற்றை நரம்பு கிடைக்கும். ஒரு புழு கொடுப்பது ஒன்றரை அடிக்குள்தான். துண்டுகளை முடிச்சிட்டு நீட்ட வேண்டும். உலர்ந்தால் ஒடியும், ஆகவே ஊறவைத்துத்தான் கட்ட வேண்டும். பெரும் சூரைக்கும் வாள்மீனுக்கும் இது போதாது. அவலோன்காரர்கள் பியானோக் கம்பியைக் கட்டினார்கள்.

இந்த உலகம் முழுவதையும் ஒரு வேதியியல் கூடம் மாற்றியது. 1935 பிப்ரவரி 28 அன்று அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழு நைலானைக் கண்டது. 1938-இல் அது பல்துலக்கியின் மயிராகச் சந்தைக்கு வந்தது. அதே ஒற்றை இழை விரைவிலேயே தூண்டில் நரம்பும் ஆயிற்று. ஜெர்மனியில் பால் ஷ்லாக் 1938 ஜனவரியில் வேறொரு வழியில் நைலான் 6 கண்டார். போர் வந்ததும் நைலான் பாராசூட்டுகளுக்குப் போனது. போர் முடிந்தபின் கடல் நூல் சந்தையில் ஆளிநாரும் பட்டு நரம்பும் சில ஆண்டுகளிலேயே ஒதுங்கின.

நம் கரைக்கு நைலான் வந்தது 1950களின் இறுதியிலும் 60களிலும். நீண்டகரையில் நார்வே ஒத்துழைப்புத் திட்டம் நடந்த காலம், கொச்சியில் 1957-இல் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் தொடங்கிய காலம். வலைக்கு நைலான் கயிறும் தூண்டிலுக்குத் தங்கூசியும் ஒன்றன்பின் ஒன்றாக ஊருக்குள் நுழைந்தன. தங்கூசி என்றால் ஒற்றை இழை நரம்பு. சாறு ஏற்ற வேண்டாம், அலசிக் காயவைக்காவிட்டாலும் உளுக்காது, மீன் கண்ணுக்கு எளிதில் தெரியாது. அப்பாவின் தலைமுறை அதைக் கொண்டாடியதில் நியாயம் இருக்கிறது. பனிச்சங்காய் இடித்த பெண்களின் தோள்வலிக்கு அது ஓய்வு தந்தது.

ஆனால் தங்கூசி ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுத்துக்கொண்டது. நைலான் தண்ணீர் குடிக்கும். நனைந்தால் பருத்திக்கு வலுக்கூடும் என்றேன். நைலானுக்கு அதற்கு நேர்மாறாக, பத்தில் ஒரு பங்குக்கு மேல்கூட வலுக் குறையும். வெயில் பட்டால் நாளடைவில் வெளிறி நொறுங்கும். இழுத்தால் நீளும். 40 பாகம் (ஃபாதம்) ஆழத்தில் கலவா முள்ளைத் தொடுவதைப் பருத்திக் கயிறு பாட்டாவின் ஆட்காட்டி விரலுக்குச் சொன்னது. தங்கூசி அந்தச் சேதியில் பாதியை வழியிலேயே தன் நீட்சியில் விழுங்கிவிடும். அதே நீட்சி நெய்மீன் சட்டென்று பாயும்போது அதிர்ச்சியைத் தாங்கி முள்ளின் பிடியைக் காப்பாற்றவும் செய்யும். குறை எது, நிறை எது என்பது மீனைப் பொறுத்தது.

இழைகளை எண்ணி எடை சொன்ன காலமும் இதோடு முடிந்தது. ஒற்றை நரம்பில் எண்ண என்ன இருக்கிறது? 1939 ஜூன் 7 அன்று மைக்கேல் லெர்னரின் முயற்சியால் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பன்னாட்டு விளையாட்டு மீன் சங்கம் உருவானது. எர்னஸ்ட் ஹெமிங்வே அதன் துணைத்தலைவராக இருந்தார். சாதனைகளை நூலின் அறுபடும் எடைப்படி வகுக்கும் முறையை அந்தச் சங்கம் உலகப் பொதுவாக்கியது: 2, 4, 6, 8, 12, 16, 20, 30, 50, 80, 130 பவுண்டு. சாதனை கோருபவர் தம் நூலின் மாதிரியை அனுப்ப வேண்டும். அதை நனைத்துத்தான் சோதிப்பார்கள். அங்கே நூல், அதன்மேல் எழுதிய எடைக்குள் அறவேண்டும். அதற்கென்றே செய்யும் போட்டி நூல்கள் தனியே உண்டு. சாதாரண நூலிலோ எழுதிய எடைக்குக் கீழே அறுந்தால் வாங்கியவர் கோபிப்பார் என்று, 20 பவுண்டு என எழுதியது 25 வரைகூடத் தாங்கும்படி செய்கிறார்கள். ஒரே எண், இரண்டு பொருள். இதைத் தெரியாமல் நூல் வாங்கக் கூடாது.

அடுத்த மாற்றம் பிளாஸ்டிக்கின் மூலக்கூறுச் சங்கிலிகளை நேராக்கியதில் வந்தது. நெதர்லாந்தின் டிஎஸ்எம் நிறுவனத்தில் பால் ஸ்மித்தும் பீட் லெம்ஸ்ட்ராவும் 1970களின் இறுதியில், பாலிஎத்திலீனைக் கூழாகக் கரைத்து நூற்றுப் பல மடங்கு நீட்டும் முறையைக் கண்டார்கள். அந்த இழைகளைப் பின்னிய நூல்தான் 1990களில் கடைகளுக்கு வந்த பிரெய்டு. ஒரே தடிமனில் நைலானைவிடப் பல மடங்கு வலு, நீட்சி நூற்றுக்கு மூன்று நான்கு. பாட்டாவின் விரல் இழந்த சேதி திரும்பக் கிடைத்தது. ஆனால் அதன் அடர்த்தி 0.97, அதாவது மிதக்கும். வழுவழுப்பால் சாதாரண முடிச்சு நழுவும். சுமார் 145 டிகிரி செல்சியஸில் உருகும் என்பதால் உராய்வுச் சூடும் ஆகாது. இழுபட்ட நிலையில் பாறை விளிம்பை உரசினால் நொடியில் போய்விடும். அதனால்தான் அதன் முனையில் லீடர் என்ற வேறொரு நரம்பு கட்டாயமாகிறது. ஜப்பானின் குரேஹா நிறுவனம் 1971-இல் கொண்டுவந்த ஃபுளோரோகார்பன் அந்த இடத்துக்குப் பொருந்தியது. அடர்த்தி 1.78, நன்றாக மூழ்கும், தண்ணீர் குடிக்காது, ஒளியை வளைக்கும் அளவில் நைலானைவிடத் தண்ணீருக்கு நெருங்கியது.

பிரெய்டு உருளையில் பவுண்டோடு பிஇ 1, பிஇ 2 என்று இன்னோர் எண்ணும் இருக்கும். அது ஜப்பானிய அளவு. பிஇ 1 என்பது 200 டெனியர். 9,000 மீட்டர் நூலின் எடை இத்தனை கிராம் என்று பட்டு வணிகத்தில் சொல்லிவந்த கணக்குத்தான் டெனியர். ஆக, ஓர் எண் ஆளிநார்க் காலத்தின் நெறியைச் சுமக்கிறது, மற்றது பட்டுக் காலத்தின் அளவைச் சுமக்கிறது.

இவ்வளவு வரலாறும் கடையில் என்ன பயன் தருகிறது என்றால், தேர்வைத் தெளிவாக்குகிறது. முட்டம், தேங்காய்ப்பட்டணம் அலைத்தடுப்புச் சுவர்களில் நின்று பாறை மீனுக்குப் போலி இரை எறிபவருக்கு பிஇ 2 அல்லது 3 பிரெய்டு, அதன் முனையில் இரண்டு மீட்டருக்குக் குறையாமல் 40 முதல் 60 பவுண்டு லீடர். கரைமணலில் நின்று ஈயக்கட்டியைத் தூர எறிபவருக்கு 20 பவுண்டு நைலான் போதும். ஆனால் முன்னால் அதிர்ச்சி தாங்கும் தடித்த நரம்பு வேண்டும், ஓர் அவுன்ஸ் ஈயத்துக்கு 10 பவுண்டு வீதம். எறியும்போது அறுந்து பறக்கும் ஈயம் பக்கத்தில் நிற்பவர் தலையை உடைக்கும். படகில் நெய்மீனுக்கு இரை இழுப்பவருக்கு நீளும் நைலானே தோழன், பல்லுக்கு எதிராக ஒரு சாண் கம்பியோடு. பாரில் கலவா தேடுபவருக்கு நீளாத பிரெய்டும் 80 பவுண்டு நைலான் லீடரும். எவரானாலும் டிராக்கை அறுபடும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் இறுக்க வேண்டாம். முடிச்சு நூலைவிட வலுக் குறைந்தது என்பதை மறக்கவும் வேண்டாம்.

இதோடு ஒன்று சேர்த்துச் சொல்வேன், கேட்காதவரிடமும் சொல்வேன். பருத்தியும் ஆளிநாரும் பட்டும் அறுந்து கடலில் விழுந்தால் காலப்போக்கில் கடலே அவற்றைத் தின்றுவிடும். நைலானையும் பிரெய்டையும் ஃபுளோரோகார்பனையும் தின்னும் உயிர் கடலில் இல்லை எனலாம். அறுந்த நரம்பு பவளக் கிளைகளைச் சுற்றி அறுக்கிறது, ஆமையின் துடுப்பிலும் கடற்பறவையின் காலிலும் இறுகுகிறது. உளுக்காத நூல் கையில் இருக்கும் தலைமுறைக்கு, அது எங்கே அறும் என்று முடிவுசெய்யும் பொறுப்பு பாட்டாவைவிடக் கூடுதல். ஈயத்தைப் பலம் குறைந்த சிறு நூலால் கட்டுங்கள். சிக்கினால் அதுமட்டும் போகட்டும். பிரெய்டும் லீடரும் சேரும் முடிச்சு நூலுடலுக்கு முன்பே விட்டுக்கொடுக்கும்படி அமையுங்கள், நூறு மீட்டர் நூல் மீனோடு போகாது. வெட்டிய துண்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக் கரைக்குக் கொண்டுவாருங்கள். என் கடை வாசலில் அதற்கென ஒரு டப்பா வைத்திருக்கிறேன்.

வைட்டின் பட்டியலில் முதலிடம் பிடித்த நார் கட்டுமரத்தில் முதலிடம் பிடிக்கவில்லை. அவலோனில் தங்கள் நூலைத் தாங்களே மெலிதாக்கிக்கொண்டவர்கள் ஒரு கலையையே உண்டாக்கினார்கள். மிக வலுவான நூல் எது என்று கேட்பவருக்கு எந்தக் கடைக்காரரும் பதில் சொல்லிவிடுவார், உருளையிலேயே எழுதியிருக்கிறது. எந்த மீனுக்கு, எந்தத் தரையில், எங்கே அறவேண்டிய நூல் என்று கேட்டு வருபவரோடு நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசத் தயார். சரியான நூல் அந்தக் கேள்விக்குத்தான் கிடைக்கும்.